முதலில் டொலுயீன், அப்புறம் அளவு

சிலிக்கான் தகட்டில் வேதிப்பிணைப்பால் நட்ட பாலிஸ்டைரீன் (ஒரு பிளாஸ்டிக்) மூலக்கூறுச் சங்கிலிகளின் படலத் தடிமனை அளக்கப் போகிறீர்களா? முதலில் பாலிஸ்டைரீனை நன்றாகக் கரைக்கும் டொலுயீனில் ஊற வைத்துக் கழுவுங்கள். அதில் சங்கிலிகள் விரிந்து நிமிரும். பிணையாமல் சும்மா சிக்கிக் கிடப்பவை கரைந்து வெளியே வந்துவிடும். எத்தனாலில் கழுவினால் எல்லாம் சுருண்டு படுத்துக்கொள்ளும், வேண்டாததும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

சரி, இப்போது உலர்த்தி எலிப்சோமீட்டரில் (ஒளி பட்டுத் தெறிப்பதை வைத்து மெல்லிய படலத்தின் தடிமனை அளக்கும் கருவி) ஒருமுறை, கரைப்பானில் மூழ்கடித்து இன்னொரு முறை அளந்துவிடுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வீக்க விகிதம்.

கரைப்பான்களில் சைக்ளோஹெக்சேன்தான் கொஞ்சம் வம்பு பிடித்தது. பாலிஸ்டைரீனுக்கு அதில் தீட்டா வெப்பநிலை, அதாவது கரைப்பான் நல்லதாகவும் இல்லாமல் மோசமாகவும் இல்லாமல் நடுவில் நிற்கும் வெப்பநிலை, சுமார் 34.5 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போகப்போகச் சங்கிலிகள் சுருங்கும், மேலே போனால் வீங்கும். வெப்பநிலை குறிக்காத சைக்ளோஹெக்சேன் அளவீட்டை நான் நம்புவதில்லை.