ஈறுல ரத்தம் வருதா? வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க

பல் விளக்கிட்டு துப்புறப்போ நுரை லேசா சிவப்பா இருந்தா, பிரஷ் குத்திருச்சு போலன்னு விட்டுடாதீங்க. நல்லா இருக்கற ஈறுல பிரஷ் பட்டா ரத்தம் வராது, அடிக்கடி வருதுன்னா அங்க வீக்கம் இருக்கு. இந்த ஈறு நோய்ல பெரிய சிக்கலே ஆரம்பத்துல வலிக்காதுங்கறதுதான், அதனால பல்லு ஆடுற வரைக்கும் நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல.

நல்ல வெளிச்சத்துல கண்ணாடி முன்னாடி நின்னு உதட்டை விலக்கிப் பாருங்க. ஈறு பல்லை ஒட்டி இறுக்கமா இருக்கணும். ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கற முக்கோண சதை உப்பி, பளபளன்னு சிவந்திருந்தா அதான் ஆரம்பம். அப்படியே கீழ் முன்பல்லோட உள்பக்கத்தை நாக்கால தடவுங்க, சொரசொரன்னு இருந்தா அது காரை, அதாவது பல்லுல படிஞ்சு கெட்டியான அழுக்கு, எச்சில் சுரக்கற இடம் பக்கத்துலயே இருக்கறதால அங்கதான் சீக்கிரம் படியும். விடாத வாய் நாத்தம், பல்லு முன்னைவிட நீளமா தெரியறது, புதுசா இடைவெளி விழறது, இதெல்லாம் நோய் எலும்பு வரைக்கும் போயிருக்கலாம்ங்கறதுக்கு அடையாளம். சிகரெட் பிடிக்கறவங்களுக்கு நோய் முத்தியும் ரத்தம் அதிகமா வராது, அதனால ரத்தம் இல்லன்னு நிம்மதியா இருந்துடாதீங்க.

ரத்தம் வர்ற இடத்துல பிரஷ் பண்ணாம விடறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, அழுக்கு அங்கயே தங்கி இன்னும் மோசமாகும். சாஃப்ட் பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேர்ற கோட்டுல 45 டிகிரி சாய்ச்சு வெச்சு, சின்னச் சின்ன அசைவா, அழுத்தாம, 2 நிமிஷம், காலையும் ராத்திரியும் தேய்ங்க. பல்லிடுக்குக்குள்ள பிரஷ் போகாது, அதுக்கு ஃப்ளாஸ் நூலோ இடுக்கு பிரஷ்ஷோ கண்டிப்பா வேணும். ஆரம்ப நிலைன்னா ரெண்டு வாரத்துக்குள்ளயே ரத்தம் குறையும்.

ஆனா கெட்டியாயிட்ட காரை எந்த பேஸ்ட்டுக்கும் அசையாது, டாக்டர்கிட்ட போய் அதை சுரண்டி எடுக்கற ஸ்கேலிங்தான் வழி. ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடும்னு சொல்றதை நம்பாதீங்க. இடுக்குல அடைச்சிருந்த காரை போய், வீக்கமும் வத்துறதால இடைவெளி தெரியும், கொஞ்ச நாள் கூசும், அவ்வளவுதான். டாக்டர் மெல்லிசான கம்பி விட்டு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற இடுக்கோட ஆழத்தை அளப்பாங்க, 3 மில்லிமீட்டர் வரைக்கும் சாதாரணம், அதுக்கு மேலன்னா ஈறுக்கு அடியில வேர் வரைக்கும் க்ளீன் பண்ண வேண்டி வரலாம். ஈறு வீக்கம் முழுசா சரியாகும், கரைஞ்ச எலும்பு தானா திரும்பி வளராது. அதுக்காகத்தான் சீக்கிரம் போங்கன்னு இவ்வளவு சொல்றேன்.

வெதுவெதுப்பான உப்புத்தண்ணி இதமா இருக்கும், காரையை எடுக்காது. குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல போடாதீங்க, பல்லுல கறை படியும். சுகர் இருந்தா ரெண்டையும் சேர்த்தே பாருங்க, ஈறு நோய் சுகரை ஏத்தும், சுகர் ஈறை கெடுக்கும். கர்ப்பமா இருக்கறப்போ ஈறு சீக்கிரம் வீங்கும், அப்பவும் க்ளீனிங் பண்ணிக்கலாம், பயம் வேண்டாம். சீழ், காய்ச்சல், முகவீக்கம் இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க, வாயைத் திறக்கவோ முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா நேரா எமர்ஜென்சிக்கு.