சொலானம் பேரினத்தை அடையாளம் காண்பது எப்படி? கத்தரிப் பூவிலிருந்து தொடங்கலாம்

தாவர வகைப்பாட்டைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கத்தரிச் செடியைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். கத்தரி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்திரி, மணத்தக்காளி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய எல்லாம் சொலானம் என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுதியில், அடங்குகின்றன. 1,200க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட இது, பூக்கும் தாவரங்களிலேயே மிகப் பெரிய பேரினங்களுள் ஒன்று. வெப்பமண்டலமே இதன் முதன்மையான வாழிடம். அதிலும் தென் அமெரிக்காவில்தான் சிற்றினங்கள் மிகுதி.

தூதுவளை கொடியாக ஏறுகிறது. சுண்டை ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளர்கிறது. கண்டங்கத்திரி தரையோடு படுத்துக் கிடக்கிறது. வளரும் விதத்தை மட்டும் பார்த்தால் இவை உறவென்று யாரும் சொல்ல மாட்டார்கள். உறவு பூவின் நடுவில் இருக்கிறது.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், பிளேடு, ஊசி, ஒரு கறுப்புத் தாள். பள்ளி இயற்பியல் கூடத்தில் இருக்கும், தட்டினால் அதிரும் இசைக்கவை கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 1: பூக்காம்பு எங்கிருந்து புறப்படுகிறது?

பூவைப் பறிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். மிளகாய்ச் செடியில் பூ இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் மூலையில், இருக்கும். கத்தரியில் அப்படியில்லை, இலை முளைக்கும் கணுவை விட்டு விலகி, இரு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டிலிருந்து பூக்காம்பு கிளம்பும். சுண்டையிலும் மணத்தக்காளியிலும் இதையே காணலாம். தொடக்க நிலையில் பலரும் தவறவிடும் அடையாளம் இது.

படி 2: ஐந்தை எண்ணுங்கள்

புல்லி இதழ் ஐந்து; அல்லி இதழ் ஐந்து, அடியில் இணைந்து நட்சத்திரம் போலவோ சக்கரம் போலவோ விரிந்திருக்கும்; மகரந்தத் தாள் ஐந்து. தோட்டக் கத்தரியில் சில வேளை ஆறும் வரும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஊமத்தையும் இதே குடும்பம்தான்; பல பேரினங்கள் சேர்ந்தது குடும்பம். ஆனால் அதன் பூ நீண்ட புனல், காய் முள் நிறைந்து வெடிக்கும் வகை. ஆகவே அது வேறு பேரினம்.

படி 3: மகரந்தப் பையின் நுனியைப் பாருங்கள்

இந்தப் பாடத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

பூவின் நடுவில் மஞ்சள் நிற மகரந்தப் பைகள் ஒன்றையொன்று நெருங்கிக் கூம்பாக நிற்கும். அவற்றைத் தாங்கும் கம்பி மிகக் குட்டையானது. ஒரு பையை ஊசியால் பிரித்தெடுத்து, நுனியை லென்ஸில் பாருங்கள். இரண்டு சிறு துளைகள் தெரியும். மகரந்தம் வெளியேற அவைதான் வழி. மிளகாயின் மகரந்தப் பையோ பக்கவாட்டில் நீளமாகப் பிளந்துகொள்ளும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டால் வேறுபாடு ஒருபோதும் மறக்காது.

துளை இவ்வளவு சிறிதாக இருந்தால் மகரந்தம் எப்படி வெளியே வரும்? தச்சுத் தேனீ போன்ற சில தேனீக்கள் இந்தக் கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பறப்பதற்கான தசைகளை வேகமாக அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே தெறிக்கிறது. நாம் கூடுகளில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. பூவில் தேனும் இல்லை, மகரந்தமே கூலி. காலை வேளையில் கத்தரித் தோட்டத்தில் நின்றால் அந்த ரீங்காரத்தைக் காதால் கேட்கலாம். இசைக்கவை இருந்தால் நீங்களே செய்து பாருங்கள்: பூவின் கீழ் கறுப்புத் தாளைப் பிடித்து, தட்டிய இசைக்கவையைக் கூம்பின்மேல் தொடுங்கள். தாளில் வெளிர் தூள் விழும்.

தக்காளி இங்கே முரண்டு பிடிக்கும். அதன் பைகள் ஒட்டிக் கூம்பாகி, உட்பக்கம் நீளமாகப் பிளக்கின்றன. நுனியில் மகரந்தம் இல்லாத கூர்முனை ஒன்றும் உண்டு. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தக்காளியைச் சொலானத்தில் வைத்தார். மறு ஆண்டே ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிலிப் மில்லர் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். ஏறத்தாழ 240 ஆண்டுகள் கழித்து, 1993இல், டிஎன்ஏ சான்றுகளின் அடிப்படையில் அது மீண்டும் சொலானத்துக்கே திரும்பியது. உருளைக்கிழங்குக்கு மிக நெருங்கிய உறவு அது என்று தெரிந்த பிறகு, தனியே வைப்பதற்கு நியாயம் இல்லை. ஓர் உறுப்பை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

படி 4: முள்ளும் தூவியும்

கண்டங்கத்திரி முள்ளைக் கவனமாகப் பக்கவாட்டில் தள்ளுங்கள். தோலோடு கழன்று வந்துவிடும். எலுமிச்சை முள் அப்படி வராது, அது கிளையின் மாற்றுரு. சொலானத்தின் முள் மேல்தோலில் மட்டுமே முளைப்பது. அதனால்தான் இலை நரம்பின் மேலும் காய்க்காம்பின் மேலும்கூட முள் நிற்கிறது.

அடுத்து, சுண்டை இலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து பல கதிர்கள் விரியும் நட்சத்திரத் தூவிகள் (நுண்மயிர்கள்) அடர்ந்திருக்கும். முள்ளும் நட்சத்திரத் தூவியும் சேர்ந்திருந்தால் அது முட்சொலானங்களின் பெரும் கிளையைச் சேர்ந்தது; பேரினத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கிளைதான். மணத்தக்காளியில் இரண்டும் இல்லை. அது வேறு கிளை.

படி 5: காயைக் குறுக்கே வெட்டுங்கள்

சதைக்கனி, பொதுவாக இரண்டு அறைகள், நடுவில் ஒட்டிய தட்டையான விதைகள். புல்லி வட்டம் காயின் அடியில் உதிராமல் நிற்கும். அது காயை முழுவதும் பலூனாக மூடியிருந்தால் நீங்கள் பிடித்திருப்பது சொடக்குத்தக்காளி, சொலானம் அல்ல.

படி 6: சிற்றினத்தைப் பிரிப்பது

கொடி, வளைந்த முள், மடல் பிரிந்த இலை, ஊதாப் பூ, சிவந்த பழம்: தூதுவளை. தரையில் படர்வு, நேரான மஞ்சள் முள், பச்சையில் வெள்ளைக் கோடு ஓடிய காய்: கண்டங்கத்திரி. புதர், வெள்ளைப் பூ, கொத்துக் காய்: சுண்டை. இது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. நம் சமையலில் இவ்வளவு ஆழமாக ஊன்றிய பிறகு அதை வேற்றூர்ச் செடி என்று நினைக்க மனம் வரவில்லை.

மணத்தக்காளியில்தான் பொறுமை வேண்டும். அந்தப் பெயரில் புழங்குவது ஒரே சிற்றினம் அல்ல. பழம் கறுத்துப் பளபளத்து, காம்புகள் ஏறக்குறைய ஒரே புள்ளியிலிருந்து கிளம்பி, புல்லி மடல்கள் பின்னோக்கி மடங்கியிருந்தால் அது சொலானம் அமெரிக்கானம். பழம் பளபளப்பின்றி, காம்புகள் இடைவெளி விட்டு அமைந்திருந்தால் சொலானம் நைக்ரம். ஆரஞ்சு நிறப் பழமானால் பெரும்பாலும் சொலானம் வில்லோசம். இவற்றின் குரோமோசோம் எண்ணிக்கை முறையே 24, 72, 48. அத்தனை நெருங்கிய தோற்றத்துக்குள் இவ்வளவு வேறுபாடு!

இந்த முறை செடியை அறிய மட்டுமே. அடையாளம் கண்டுவிட்டோம் என்று புதிய காய் எதையும் வாயில் வைக்காதீர்கள். இந்தப் பேரினத்தில் நச்சுப் பொருள்கள் பரவலாக உண்டு, பழுக்காத பச்சைக் காயில் அவை கூடுதல்.

படி 7: மாதிரியைப் பாதுகாத்தல்

பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்துங்கள். ஈரத்தாளைத் தினமும் மாற்றுங்கள். உலர்ந்தபின் பூவின் நிறம் போய்விடும், பழத்தின் பளபளப்பும் இருக்காது. ஆகவே பறித்த இடத்திலேயே இதழ் நிறம், பழ நிறம், செடியின் உயரம், ஊர், தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி மாதிரியோடு சேர்த்து வையுங்கள்.