ஊருக்குப் போகும்போது உங்கள் போனுக்கும் வங்கிக்கும் நடுவில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள

இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும், பெட்டி வருவதற்கு முன்னரே பலரும் தேடுவது வைஃபைதான். வந்து சேர்ந்துவிட்டோம் என்று வீட்டுக்குச் செய்தி அனுப்புங்கள், அதில் பிழையில்லை. ஆனால் அதே வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். வைஃபைக்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கலாம். விடுதியின் பெயரிலேயே பக்கத்து மேசைக்காரர் ஒன்றை ஓடவிட்டால், முன்பு சேர்ந்த பெயர்தானே என்று போன் தானாகவே அதில் ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்புறம் நீங்கள் அனுப்புவதெல்லாம் அவர் வழியாகத்தான் போகும். அதனால் தானாக இணையும் வசதியை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

வழியில் நிற்பதால் மட்டும் எல்லாவற்றையும் வாசித்துவிட முடியாது. வங்கித் தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் ஓடுகின்றன, இடையில் போவது மற்றவர் வாசிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டது. அதை உடைக்க நடுவில் நிற்பவர், தளத்தின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழைப் போலியாகக் காட்ட வேண்டும், காட்டினால் ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்று சொல்லி உலாவி பக்கத்தையே மறித்துவிடும். அந்தத் திரையின் கீழே சின்ன எழுத்தில் ஒரு பொத்தான் இருக்கலாம், அதை அமத்தினால் ‘பரவாயில்லை, தொடர்க’ என்று ஒரு வழி திறக்கும். வெளியே வாகனம் நிற்கிறது, பிள்ளை அழுகிறது என்ற அவசரத்தில் அதைத் தட்டுகிறோமே, அங்கேதான் ஆபத்து. தட்டவே தட்டாதீர்கள். வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள், எச்சரிக்கை வராவிட்டால் கோளாறு அந்த வைஃபையில்தான். இணையம் வேண்டுமென்றால் ஒரு சான்றிதழையோ செயலியையோ நிறுவச் சொல்லும் வைஃபையை உடனே விட்டுவிடுங்கள்.

வருகைப் பகுதியிலேயே டயலொக், மொபிடெல் கடைகள் உண்டு, கடவுச்சீட்டைக் காட்டி சிம் எடுக்கலாம். காசு விஷயம் எல்லாவற்றையும் அந்த டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் பழைய 2ஜி இணைப்பை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்துங்கள், ஏனென்றால் 2ஜியில் கோபுரம் உண்மையானதா என்று போன் சரிபார்ப்பதே இல்லை.

விபிஎன், அதாவது உங்கள் இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு நிறுவனத்தின் வழியாக அனுப்பும் செயலி, வேண்டுமானால் வெளிக்கிட முன்னரே, காசு கொடுத்து, பெயருள்ள ஒன்றைப் போடுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும் 2022 ஏப்ரலிலும் இலங்கையில் முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அப்படியொரு அவசரத்தில் முடக்கத்தைத் தாண்டுவதற்காகக் கண்ட கண்ட இலவச விபிஎன்னை இறக்கினால், நடுவில் நிற்கும் ஆளை நீங்களே கூப்பிட்டு இருத்துவதாகிவிடும்.

கடவுச்சொல்லுக்குப் பிறகு வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் மட்டும் விடாதீர்கள். செயலி தரும் 6 இலக்க எண்ணைக்கூட போலிப் பக்கத்தில் போட்டால் எதிரி அதை உடனே பாவித்துவிடலாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போன் வைத்திருக்கும் திறவுகோலான பாஸ்கீ அப்படியல்ல, உண்மையான தள முகவரி இல்லாவிட்டால் வேலையே செய்யாது. உங்கள் வங்கி அதைத் தருகிறதென்றால் போவதற்கு முன்னரே அமைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அம்மாவோடு இருக்கும்போது ஒரு வேலை செய்யலாம். வாட்ஸ்அப்பில் அவரது பெயரைத் தட்டி, என்க்ரிப்ஷன் என்ற இடத்துக்குப் போனால் ஒரு க்யூஆர் கட்டமும் 60 இலக்க எண்ணும் வரும். ஒருவர் திரையை மற்றவர் ஸ்கேன் செய்யுங்கள், பொருந்தினால் உங்கள் இருவருக்கும் நடுவில் யாரும் இல்லை. நேரில் செய்வதைப்போல் நம்பகமாக வேறெப்படியும் செய்ய முடியாது. அமைப்புகளில் பாதுகாப்பு அறிவிப்பையும் போட்டுவிட்டால், பிறகு அந்தக் குறியீடு மாறும்போது உங்களுக்குத் தெரியும். அவர் புதுப் போன் வாங்கினாலும் மாறும், அதனால் பதறாமல் குரலில் பேசி உறுதிப்படுத்துங்கள். குறியீடு மாறிய கையோடு காசு கேட்டுச் செய்தி வந்தால், பேசாமல் அனுப்பவே வேண்டாம்.

திரும்பி வந்ததும் விடுதி, கடை வைஃபைகளைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். இலங்கை எண்ணை எந்தக் கணக்கிலாவது கொடுத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், பாவிக்காமல் விட்ட எண் நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகலாம்.