நித்தா விதிகள்: நிறத்தைப் பார்த்து நீங்களே தீர்ப்பு சொல்லாதீர்கள்

யூதர்களின் நித்தா விதிகளை, அதாவது மாதவிலக்குத் தீட்டு பற்றிய விதிகளைக் கடைப்பிடிக்கும் பெண்கள் அதிகம் தடுமாறுவது நிறத்தில்தான். மாதவிலக்கு நின்றதும் சூரியன் மறைவதற்குள் உள்ளே வெள்ளைத் துணி வைத்து ஒரு சோதனை, அப்புறம் ஏழு சுத்தமான நாட்கள், அது முடிந்த இரவு மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுக்கு. அதுவரை கணவனும் மனைவியும் தொட்டுக்கொள்வதில்லை. அந்த ஏழு நாட்களிலும் சோதிக்கும் வெள்ளைத் துணியில் லேசாகப் பழுப்பு தெரிந்தாலே "சரி, மறுபடி முதலிலிருந்து" என்று தாங்களே முடிவு கட்டி, தேவையே இல்லாமல் இன்னும் ஒரு வாரம் தள்ளி நிற்கிறார்கள். இது பக்தி இல்லை, அவசரம்.

சிவப்பும் கருப்பும் தீட்டு. வெள்ளையும் சாதாரண மஞ்சளும் தீட்டில்லை. பழுப்பு இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. செம்மை கலக்காத பழுப்பைப் பல ரபிகள் (யூத மத குருமார்கள்) ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் செம்மை இருக்கிறதா என்று சொல்லப் பழகிய கண் வேண்டும். தால்முத் என்ற பழைய யூதச் சட்ட நூலின் காலத்து ரபி ஸெய்ராவே இது தன்னால் ஆகாது என்று பார்ப்பதை விட்டுவிட்டார், அவ்வளவு பெரிய அறிஞர்!

அதனால் துணியைக் கசக்காமல் காயவிட்டு, ஒரு உறையில் போட்டு ரபியிடம் கொடுங்கள். அவர் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். குளியலறை விளக்கை நம்பாதீர்கள். போனில் படம் எடுத்தால் நிறம் மாறலாம், நல்ல பழுப்பும் சிவப்பாகத் தெரியலாம்.

உள்ளாடையில் தற்செயலாகக் கண்ட கறைக்கும் சோதனைத் துணியில் கண்டதற்கும் ஒரே சட்டம் என்று நினைப்பது அடுத்த தவறு. கறைக்கு அளவு உண்டு: 'கிரிஸ்' என்பார்கள், சுமார் 19 மில்லிமீட்டர் விட்டம், அதைவிடச் சிறியது பொதுவாகக் கணக்கில் வராது. நிறமுள்ள துணியில் பட்ட கறைக்கும் சலுகை உண்டு. அதனால்தான் ஏழு நாட்கள் தவிர மற்ற நாட்களில் நிற உள்ளாடை அணியச் சொல்கிறார்கள். சோதனைத் துணிக்கு இந்தச் சலுகை கிடையாது.

பயத்தில் நாளுக்கு நாலைந்து முறை சோதிப்பவர்களும் உண்டு. காலை ஒன்று, மாலை ஒன்று போதும். அதிகம் சோதித்தால் உள்ளே புண்ணாகி, அந்தப் புண்ணே ரத்தம் காட்டும். புண் இருக்கிறது என்றால் அதையும் ரபியிடம் சொல்லுங்கள், தீர்ப்பே மாறலாம்.

ஆணிடம் கேட்கக் கூச்சமா? ஜெருசலேமில் நிஷ்மத் என்ற கல்வி நிலையம் 1997 முதல் இதற்கென்றே பெண் ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கிறது, அவர்களிடம் கேட்கலாம். மாதவிலக்குக்கு இடையில் மாதாமாதம் ரத்தம் பட்டால் மட்டும் ரபியோடு நிறுத்தாமல் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள்.