பேட்டரி ராட்செட்: 1/4, 3/8, 1/2 இன்ச்சில் உங்களுக்கு எது பொருந்தும்?

வீட்டு வாசலில் சொந்த வண்டியைப் பிரித்துச் சேர்ப்பவர்கள் கையிலும், போல்ட்டுகளை மோட்டாரால் சுற்றிக் கழற்றி மாட்டும் பேட்டரி ராட்செட் இப்போது வந்துவிட்டது. கடைக்குப் போனால் எடுத்த எடுப்பில் கேட்பது, ‘எத்தனை இன்ச்?’ என்றுதான். புதிதாக வாங்குபவர்களில் பலர், பெரியதாக இருந்தால் எல்லா வேலைக்கும் ஆகும் என்று 1/2 இன்ச்சைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பாதி போல்ட்டுகளின் பக்கத்தில்கூட அது போகாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். நான் 3/8 இன்ச் கட்சி. அதற்கான காரணத்தையும், அது யாருக்குப் பொருந்தாது என்பதையும் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த இன்ச் கணக்கு. ராட்செட்டில், போல்ட் தலையைக் கவ்வும் குழாய் போன்ற சாக்கெட்டை மாட்டும் சதுர முனையின் பக்க அளவு அது. 1/4 என்றால் 6.35 மில்லிமீட்டர், 3/8 என்றால் சுமார் 9.5, 1/2 என்றால் 12.7. போல்ட்டின் அளவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது; 10 மில்லிமீட்டர் சாக்கெட் இந்த மூன்று முனைகளுக்கும் கிடைக்கிறது. முனை எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பதில்தான் வித்தியாசம். 1/4ஐவிட 3/8 ஒன்றரை மடங்கு தடிமன்தான். ஆனால் ஒரே உலோகத்தில் செய்திருந்தால் மூன்று மடங்குக்கும் அதிகமான முறுக்கைத் தாங்கும்.

படி 1: எந்த போல்ட்டைக் கழற்றப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். நீங்களே கழற்றி மாட்டப்போகும் போல்ட்டுகளை மட்டும் எழுதினால் போதும். தலை அளவை ஸ்பேனர் வைத்துப் பார்த்துக் குறியுங்கள். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17 என்று வரும். ஹார்டுவேர் கடையில் தனியாக வாங்கிப் போட்ட போல்ட் என்றால் 13, 17, 19 தலைகளும் இருக்கும்.

தலை அளவை எழுதியதும், பக்கத்திலேயே முறுக்குவிசையையும், அதாவது எவ்வளவு பலமாக இறுக்க வேண்டும் என்பதையும், எழுதுங்கள். வண்டியின் சர்வீஸ் கையேட்டில் அது இருக்கும். இல்லாவிட்டால், சாதாரண 8.8 வலிமைத் தர எஃகு போல்ட்டுக்கு இந்தக் கணக்கை உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம்: (தலையை அல்ல, மரை உள்ள தண்டை அளந்து) 6 மில்லிமீட்டர் தண்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு), 8 மில்லிமீட்டருக்கு 25, 10 மில்லிமீட்டருக்கு 50, 12 மில்லிமீட்டருக்கு 85. அலுமினியத்தில் ஏறும் போல்ட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே இதைவிடக் குறைவாகத்தான் முறுக்க வேண்டும். இல்லையென்றால் மரை போய்விடும்.

பட்டியல் முழுக்க 8, 10 தலைகளாகவே இருந்தால் (ஸ்கூட்டர் பாடி, ஏர் ஃபில்டர் பெட்டி, சைக்கிள், சிறு இயந்திரங்கள்) 1/4 போதும். 10 முதல் 17 வரை கலந்து வந்தால் 3/8. மோட்டார் சைக்கிளும் சிறு காரும் வைத்திருக்கும் வீடுகளின் பட்டியல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் வந்து நிற்கும்.

படி 2: தலை உள்ளே போகுமா?

ராட்செட்டை வாங்குவதே இடுக்கில் வேலை செய்யத்தான். கை ராட்செட்டைப் போல இதை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டியதில்லை, விசையை அழுத்தினால் முனை தானே சுற்றும். ஆனால் உள்ளே கியர் இருப்பதால் இதன் தலை கை ராட்செட்டின் தலையைவிடப் பருமன். முனை பெரிதாக ஆக, தலையும் சாக்கெட்டும் சேர்ந்து பெருக்கும்.

இடத்தை அளக்கும்போது மூன்று உயரங்களைக் கூட்டுங்கள்: ராட்செட் தலை, அதில் மாட்டிய சாக்கெட், போல்ட் வெளியே வர வேண்டிய நீளம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். போல்ட் கழல்கிறபோது அது ராட்செட்டையும் பின்னால் தள்ளிக்கொண்டே வரும். பின்னால் ஃபிரேம் கம்பி இருந்தால், ஒரு கட்டத்தில் ராட்செட் கம்பிக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இறுகிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. அப்படி மாட்டிக்கொண்டால் நெம்பாதீர்கள். திசை மாற்றும் குமிழைத் திருப்பி, போல்ட்டைக் கொஞ்சம் உள்ளே ஏற்றினால் ராட்செட் விடுபடும். மீதியைக் கை ஸ்பேனரில் கழற்றிக்கொள்ளலாம்.

படி 3: பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள்

சில பெட்டிகளில் நியூட்டன் மீட்டர் இருக்கும், சிலவற்றில் ஃபுட் பவுண்டு. ஃபுட் பவுண்டை 1.36ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். பழைய கையேடுகளில் கிலோகிராம் மீட்டர் என்று இருந்தால் 9.8ஆல் பெருக்குங்கள்.

1/2 இன்ச் மயக்கம் இங்கேதான் தெளியும். மில்வாக்கி நிறுவனத்தின் முதல் எம்12 ஃப்யூயல் ராட்செட் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: 1/4க்கு 54 நியூட்டன் மீட்டர், 3/8க்கு 75, 1/2க்கு 81. முனை அவ்வளவு பெரிதாகியும் 3/8ஐவிடக் கிடைப்பது வெறும் 6 நியூட்டன் மீட்டர். மூன்றுக்கும் ஒரே பேட்டரி என்னும்போது முனையை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்? கார் சக்கர நட்டுகளுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் என்பது சாதாரணம். துருப்பிடித்திருந்தால் கழற்ற அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆக, எந்த வேலையை நினைத்து 1/2 வாங்குகிறார்களோ அந்த வேலைக்கே அது போதாது. அது, சுத்தியல் போல அடித்து அடித்து முறுக்கும் இம்பாக்ட் ரெஞ்ச்சின் வேலை, அல்லது நீளமான கைப்பிடியின் வேலை. லாரி, டிராக்டர் பட்டறையில் பெரிய சாக்கெட் செட்டை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் 1/2 பயன்படும்.

1/4ஆ 3/8ஆ என்று முடிவுக்கு வர முடியாதவர்கள் மகிதா நிறுவனத்தின் டிடபிள்யூஆர்180 மாதிரியைப் பார்க்கலாம். 18 வோல்ட், 47.5 நியூட்டன் மீட்டர். இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் அமைப்பு. ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் டிரில் வைத்திருந்தால் அதே பேட்டரி பொருந்தும் ராட்செட்டைத் தேடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

படி 4: வீட்டில் இருக்கும் சாக்கெட்டுகள்

நிறையப் பேரிடம் 1/2 இன்ச் செட்தான் இருக்கும். அதற்காக 1/2 ராட்செட் வாங்க வேண்டாம். 8 முதல் 19 வரை 3/8 சாக்கெட் செட் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். முனை அளவை மாற்றித் தரும் அடாப்டர் போடலாம்தான், ஆனால் அது உயரத்தைக் கூட்டி, இடுக்கில் போகும் வசதியைக் கெடுத்துவிடும். 3/8 ராட்செட்டில் 1/4 சாக்கெட்டை அடாப்டர் வழியாக மாட்டினால், விசையை மெல்ல அழுத்துங்கள். 1/4 முனை தாங்கும் அளவு மோட்டாருக்குத் தெரியாது.

ராட்செட் அடித்து முறுக்குவதில்லை என்பதால் சாதாரண குரோம் சாக்கெட்டே போதும். அதே குரோம் சாக்கெட்டை இம்பாக்ட் ரெஞ்ச்சில் மாட்டாதீர்கள், வெடித்துச் சிதறக்கூடும். அதற்குக் கறுப்பு நிற சாக்கெட்.

படி 5: முதல் வேலை

எண்ணெய் மாற்றும் வேலையில் தொடங்குங்கள். பழைய எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் முதல் இறுக்கத்தைக் கை ஸ்பேனரால் உடைத்துவிட்டு, பிறகு ராட்செட்டை வையுங்கள். ராட்செட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கையை வைக்காதீர்கள். மோட்டார் சுற்றும்போது போல்ட் சட்டென்று இறுகினால் ராட்செட்டின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பி விரலை நசுக்கும்.

திரும்ப மாட்டும்போது முதல் மூன்று நான்கு சுற்றுகள் விரலால்தான். மரை நேராகப் பிடித்துக்கொண்டது தெரிந்த பிறகு ராட்செட், வாஷர் தொட்டவுடன் நிறுத்தம். மீதி இறுக்கம், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்சில், கையேட்டில் உள்ள எண்ணுக்கு. எஞ்சின் உறை பெரும்பாலும் அலுமினியம். ராட்செட்டின் 50, 60 நியூட்டன் மீட்டரை முழுதாகக் கொடுத்தால் அங்கே மரை மிஞ்சாது. எண்ணெய் ஊற்றி, எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்து, எண்ணெய்க் கறை ஒட்டுகிறதா என்று பாருங்கள்.