பழைய பிக்கப்பை உயர்த்தினால் ஸ்டியரிங்கையும் கவனியுங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பை 4 அங்குலம் உயர்த்தும்போது லீஃப் ஸ்பிரிங்கை மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. பாடி மேலே போகும், ஆக்சில் கீழேயே இருக்கும். அதனால் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு அசைவைக் கொண்டு போகும் கம்பியான டிராக் லிங்க் அதிகமாகச் சாய்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் தானாகவே இழுக்கும்.

சோதிப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி, ஸ்டியரிங் லாக்கை விடுவித்து, இரண்டு பேர் முன் பம்பரை அழுத்தி அழுத்தி விடுங்கள். ஸ்டியரிங் வீல் இங்குமங்கும் திரும்பினால் டிராக் லிங்க் கோணம் சரியில்லை. டிராப் பிட்மேன் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸில் மாட்டும், கீழ்நோக்கி வளைந்த கை) ஓரளவு உதவும். டிராக் லிங்க் முன்பின்னாக ஓடும் பழைய அமைப்பு என்றால், அதைக் குறுக்காக ஓடும் கிராஸ்ஓவர் ஸ்டியரிங்காக மாற்றுவதே என் தேர்வு. செலவு கூடும், ஆனால் வண்டி நேராகப் போகும்.

முன் ஆக்சிலில் லிஃப்ட் பிளாக் (ஆக்சிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே உயரத்துக்காக வைக்கும் கட்டை) வைக்கவே வைக்காதீர்கள்; பிரேக் பிடிக்கும்போது நழுவும் ஆபத்து உண்டு. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யூ போல்ட் புதிதாகவே போடுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.