வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பத்துக்கு உள்ளூர் முகவரி இல்லாமலே உதவிகள் பெற்றுத் தருவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை, சென்னைப் புறநகர்க் கட்டுமானப் பணிகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்களின் சம்பளத்தில் பெரும்பகுதி லைன் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் போய்விடுகிறது. இவர்களுக்கு உதவ முன்வரும் வீட்டு உரிமையாளர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் இங்கே ஒரு முகவரிச் சான்றையும் புதிய குடும்ப அட்டையையும் வாங்கித் தரவே முதலில் அலைகிறார்கள். அந்த அலைச்சல் அநேகமாகத் தேவையில்லை; மாதச் செலவை உண்மையிலேயே குறைக்கும் உதவிகளில் பல, இந்த ஊர் முகவரியைக் கேட்பதே இல்லை.

அரிசியிலிருந்து தொடங்குங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் இணைந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொந்த மாநிலத்தில் அட்டை பெற்ற குடும்பம், அதே அட்டையைக் கொண்டு இங்குள்ள ரேஷன் கடையில் தானியம் வாங்கலாம். முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. இரண்டும் 2023 ஜனவரி முதல் இலவசம். ஆகவே ஊரில் உள்ள அட்டையை ஒப்படைத்துவிடச் சொல்லாதீர்கள். பெற்றோர் ஊரிலேயே இருந்தால், குடும்பத்தின் ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை இங்கேயும் மீதியை அங்கேயும் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது.

கடைக்குப் போகுமுன், அட்டையில் உள்ள அனைவரின் ஆதாரும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஊரில் உள்ள டீலரிடம் போனில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். விற்பனையாளர் கருவியில் அட்டை எண்ணைப் பதிந்ததும் குடும்பத்தினரின் பெயர்கள் திரையில் வரும். அவர்களில் ஒருவர் விரல் வைத்தால் போதும். சிமெண்டிலும் சாயத்திலும் புழங்கித் தேய்ந்த ரேகையைக் கருவி ஏற்காமல் போவது சாதாரணம். வேறு விரலை வைத்துப் பார்க்கலாம், அல்லது அட்டையில் பெயருள்ள மனைவியை அனுப்பலாம். வெளிமாநில அட்டைக்குச் சரக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினால் 14445 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பருப்பும் பாமாயிலும் தமிழக அரசின் சொந்தத் திட்டத்தில் வருபவை. அவை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடையில் வாக்குவாதம் மிச்சம்.

அடுத்தது பிள்ளைகளின் சாப்பாடு. அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்துவிட்டால் காலை உணவு, மதிய உணவு, பாடநூல், சீருடை நான்கும் வீட்டுச் செலவிலிருந்து இறங்கிவிடும். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகவோ வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்க 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. பள்ளி வயதை எட்டாத குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அங்கன்வாடியில் சத்துணவு உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதும் மாநிலம் பார்த்துத் தரப்படுவதில்லை.

சமையல் கேஸுக்குப் பல குடும்பங்கள் சின்னச் சிலிண்டரைத் தெருக்கடையில் கிலோ கணக்கில் நிரப்புகின்றன. சட்டவிரோதமானது, ஆபத்தும் கூட. எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டரை, முகவரிச் சான்று இல்லாமல், அடையாளச் சான்றை மட்டும் காட்டி ஏஜென்சியில் வாங்கலாம். மானியம் கிடையாது, ஆனால் எடை சரியாக இருக்கும்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு இலவசம். அதைச் செய்ததனாலேயே மாதாமாதம் பணம் வராது; வரும் என்று சொல்லிக் காசு கேட்கும் தரகரை நம்ப வேண்டாம். கட்டுமான வேலையில் இருப்பவருக்கு நலவாரியப் பதிவே பயனுள்ளது: வயது 18 முதல் 60க்குள், முந்தைய 12 மாதங்களில் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும்.

கம்பெனி வேலையில் இருப்பவரின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவரிடம் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்காக 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். பிடித்தம் இருந்தும் காப்பீட்டு எண் தரப்படவில்லை என்றால் அதை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி, மனைவி மக்களின் பெயர்களையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.